பதின்மூன்று பேரும் ஒரு முனையமும்

ஐதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியின் இரண்டாம் தளத்தில் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டவர்கள் இருவர். மூத்தவள் வரலாற்றுத்துறையில் ஐந்தாம் ஆண்டு ஆய்வாளர், திருநெல்வேலிப் பக்கம். இளையவள் புள்ளியியல் துறையில் இரண்டாம் ஆண்டு, ஈரோட்டுக்காரி. இளையவள் யாரிடமிருந்தோ பழைய பிளேஸ்டேஷன் 4 ஒன்றை வாங்கிவந்து, ஆய்வுக்கென வைத்திருந்த கணினித் திரையோடு இணைத்தாள். அதனுடன் வந்த தட்டுகளுள் ஒன்று ‘13 சென்டினல்ஸ்: ஏஜிஸ் ரிம்’.

இளையவளுக்குப் போர் வேண்டும், பேச்சு வேண்டாம். மூத்தவளுக்கோ வீடியோ விளையாட்டு என்பதே வேண்டாம். ஓரிரவு இளையவள் வசனங்களைப் பொத்தான் அழுத்தித் தள்ளிக்கொண்டே போகையில், பின்னால் கட்டிலில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“ஏட்டி, நில்லு. அந்தப் பிள்ள ஏன் அழுது?”

“தெரியலீங்க்கா. நான் படிக்கல.”

அன்றிரவே வேலைப் பிரிவினை ஏற்பட்டது. பேசுமிடங்களில் கட்டுப்பாட்டுக் கருவி மூத்தவள் கையில். போர் வந்தால் இளையவள் கையில்.

இந்த விளையாட்டு அப்படிப் பிரித்துக்கொள்ளத் தக்கதாகவே அமைந்திருப்பது வியப்பு. ஜப்பானின் வனிலாவேர் நிறுவனம் உருவாக்கி அட்லஸ் வெளியிட்ட இது, 2019 நவம்பரில் ஜப்பானிலும் 2020 செப்டம்பரில் ஆங்கிலத்திலும் வந்தது. எழுதி இயக்கியவர் ஜார்ஜ் காமிதானி. 1985ஆம் ஆண்டின் ஜப்பானிய நகரமொன்றும், அதைச் சூழ்ந்து வரும் இராட்சத இயந்திரங்களும், அவற்றை எதிர்க்க ‘சென்டினல்’ என்னும் மாபெரும் கவச ரோபோக்களில் ஏறும் பள்ளி மாணவர் பதின்மூவரும் இதன் கதை. (மர்மக் கதை இது. விளையாட எண்ணியிருப்போர் இங்கேயே நிறுத்திக்கொள்வது நலம். கீழே சில முடிச்சுகள் அவிழ்கின்றன.)

ஒரு பாதி விஷுவல் நாவல். நீர்வண்ண ஓவியம்போல் மாலை வெயில் படிந்த ரயில் நிலையம், வகுப்பறை, ஆற்றங்கரை. பதின்மூன்று கதைகளை எந்த வரிசையிலும் தொடரலாம். இதில் உரையாடும் முறை தனித்துக் குறிப்பிடத் தக்கது. மற்ற விளையாட்டுகளில் மூன்று விடைகளுள் ஒன்றைத் தேர்வதுபோல் இங்கே இல்லை. ஒருவர் பேசும்போது அப்பேச்சின் முக்கியச் சொல் கதாபாத்திரத்தின் மனத்தில் ஒரு மேகமாகத் தங்கிவிடுகிறது. பிறகு அச்சொல்லை அவர் தமக்குள்ளே எண்ணிப் பார்க்கலாம், எதிரில் இருப்பவரிடம் எடுத்துக் கேட்கலாம், எடுக்காமல் நடந்தும் போகலாம். ஒரு சொல்லை எந்நேரத்தில் யாரிடம் எடுப்பது என்பதே இங்கே செயல் முழுவதும். மனிதர் வீடுகளிலும் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது.

மறுபாதி டவர் டிஃபென்ஸ் வகையைச் சேர்ந்த போர். ‘பிளான்ட்ஸ் வெர்சஸ் ஜாம்பீஸ்’ ஆடியவர்களுக்கு இவ்வகை தெரிந்திருக்கும்: காக்க வேண்டிய இடம் ஒன்று, அதை நோக்கி அலை அலையாய் வரும் பகை, இடையில் நாம் நிறுத்தும் தடைகள். இங்கே காக்க வேண்டியது நகர நடுவிலுள்ள ‘முனையம்’. அது தன் வேலையை முடிக்கும்வரை, ஏறக்குறைய இரண்டு நிமிடம், தாக்குப்பிடிக்க வேண்டும். அல்லது வந்த பகை அனைத்தையும் அழிக்க வேண்டும். பதின்மூவரில் ஆறு பேரையே களத்துக்கு அனுப்பலாம். எஞ்சியோர் முனையத்தின் அருகே காவல். அடுத்தடுத்து இரண்டு போர்களில் ஈடுபட்டவரின் மூளை சோர்ந்துவிடும். மூன்றாவதில் அவரை அனுப்ப இயலாது. எனவே திறமிக்க ஆறு பேரை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. பிடிக்காதவரையும் அனுப்பியாக வேண்டும்.

இப்பாதியில் அந்த ஓவிய அழகு அத்தனையும் மறைந்துவிடுகிறது. நகரம் இருண்ட திரையில் ஒளிக்கோடுகளாகவும், பகைவர் வண்ணப் புள்ளிகளாகவும் தெரிவர். பலர் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. மூத்தவளும் முதலில் “இது என்னட்டி, பரிசோதனைக்கூடத்து எக்ஸ்ரே மாதிரி இருக்கு” என்றாள். ஆனால் அப்புள்ளிகளின் மேல் குரல்கள் ஒலிக்கின்றன. சற்றுமுன் ஆற்றங்கரையில் சொல்லாமல் விட்டதை ஒருத்தி போர்க்களத்தில் வைத்துச் சொல்லத் தொடங்குகிறாள். இடையில் அடுத்த அலை வந்துவிடுகிறது.

இவ்விரு பாதிகளும் ஒன்றையொன்று பூட்டி வைத்திருக்கின்றன. குறிப்பிட்ட போர் முடியாமல் ஒருவரின் கதை நகராது. குறிப்பிட்ட கதை நகராமல் அடுத்த போர் திறக்காது. இதனால் அந்த அறையில் சில இரவுகளில் மூத்தவள் காத்திருந்தாள், சில இரவுகளில் இளையவள். “அக்கா, மியூராவோட கதைய முடிங்க்கா, எனக்கு வேவ் தொறக்க மாட்டேங்குது” என்று ஒருத்தி கெஞ்ச, தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்த மற்றவள் கருவியை வாங்கிக்கொள்வாள்.

காதலையும் போரையும் ஒரே விளையாட்டில் பிணைப்பது ஜப்பானியருக்குப் புதிதன்று. 1996இல் சேகா சேட்டர்ன் கருவிக்கு வந்த ‘சகுரா டைசென்’ இதற்குப் புகழ்பெற்ற முன்னோடி. பிற்பாடு அதிலிருந்து கிளைத்த துணை விளையாட்டுகள் ஏராளம். அதில் ஆடுபவர் ஓகாமி இச்சிரோ என்னும் இளம் கடற்படை அதிகாரி. டோக்கியோ நகர நாடக அரங்கொன்றில் நடிக்கும் பெண்களே ஆபத்து வேளையில் நீராவிக் கவசம் அணிந்து போரிடுவர். அவர்களுக்கு இவர் தலைவர். உரையாடலில் விடை சொல்லக் காலக்கெடு உண்டு. கெடு தீருமுன் எதையும் தேராவிட்டால் அந்த மௌனமும் ஒரு விடையாகக் கொள்ளப்படும். சிலவேளை அதுவே சிறந்த விடையாகவும் இருக்கும். மொழியியலார் பக்கம் பக்கமாக எழுதும் ஒன்றை, ஒரு பொம்மை விளையாட்டு கடிகார முள்ளொன்றால் காட்டிவிட்டது.

அவ்விளையாட்டில் விளிச்சொற்களைக் கவனிப்பது இன்னும் சுவையானது. சுமிரே அவரைப் படைப்பதவியின் பெயரால் அழைப்பாள். குழந்தை ஐரிசுக்கு அவர் அண்ணன். ஒசாகா வட்டார வழக்குப் பேசும் கோரனின் வாயில் மரியாதை விகுதியே வேறு. மரியா தொடக்கத்தில் பதவிப் பெயரைச் சொல்லி, நம்பிக்கை பிறந்தபின் ‘தலைவரே’ என்று மாறுவாள். அந்த ஒரு சொல் மாறும் இடத்தில்தான் உண்மையில் கதை நிகழ்கிறது. ஆனால் அதன் அடியில் ஓடுவது எண்கள். சரியான விடை சொன்னால் அன்பு கூடும். போரில் ஒருத்தியைக் குறுக்கே நின்று காத்தால் அன்பு கூடும். அன்பு கூடினால் அவளுடைய போர்த்திறன் கூடும். யாரை விரும்புவது என்பதும் ஆடுபவர் விருப்பம். காதலியைத் தேர்ந்து, எண்ணை ஏற்றி, அவளைக் களத்தில் பயன்கொள்ளும் ஏற்பாடு. இனிமையாகவே இருக்கும், சற்று யோசித்தால் கூச்சமாகவும் இருக்கும்.

‘13 சென்டினல்ஸ்’ இந்த அதிகாரத்தை ஆடுபவரிடமிருந்து பறித்துவிடுகிறது. யார் யாரை விரும்புவது என்பது முன்பே எழுதப்பட்டது. 1945இலிருந்து வந்த ஹிஜியாமா, தான் மனம் பறிகொடுத்த பெண் உண்மையில் ஒக்கினோ என்னும் இளைஞன் என்று அறிந்தபின்னும் அவனைத் தேடிச் செல்வதை நாம் தடுக்கவும் இயலாது, ஊக்கவும் இயலாது. (இடையிடையே நூடுல்ஸ் அடைத்த யாகிசோபா ரொட்டிக்காக அவன் வழி தவறுவதையும்.) ஃபுயுசாகா இயோரி வாயில் ரொட்டியோடு பள்ளிக்கு ஓடித் தெருமுனையில் ஒருவன்மீது மோதும்போது, அது நூறு முறை பார்த்த காட்சி என்று சிரிக்கலாம். அவள் மனம் போகும் திசையை மாற்ற முடியாது. ஆடுபவரின் கையில் எஞ்சியிருப்பது அந்த இரண்டு நிமிடக் காவல் மட்டுமே. இவர்கள் யாரை வேண்டுமாயினும் விரும்பட்டும், அதுவரை முனையம் விழாதிருக்கட்டும் என்பதுதான்.

இருவருக்கும் சண்டை மூண்டது யாகுஷிஜி மெகுமியால்.

மெகுமி விரும்பியவன் இசுமி ஜூரோ. அவன் நினைவை இழந்துவிட்டான். அதே உடலோடு இப்போது குராபே ஜூரோ என்னும் சாதுவான மாணவனாகப் பள்ளிக்கு வருகிறான்; நண்பன் கொண்டுவரும் வீடியோ நாடாக்களில் இராட்சதப் படங்கள் பார்க்கிறான். குடும்பப் பெயர் மாறிவிட்டது, இட்ட பெயர் மாறவில்லை. மெகுமியால் அவனைப் பழைய பெயரால் அழைக்கவும் முடிகிறது, முடியவும் இல்லை. பேசும் பூனையொன்று அவளிடம் பேரம் பேசுகிறது: நான் காட்டும் ஆட்களை மந்திரத் துப்பாக்கியால் சுடு, உன் ஜூரோவின் நினைவைத் திருப்பித் தருகிறேன். அவள் சுடுகிறாள். அக்குண்டுகள் கொல்வதற்கானவை அல்ல என்பது பின்னரே தெரியவரும். சுடும்போது அவளுக்குத் தெரியாது.

“பைத்தியமாங்க்கா இவ? எதுக்கே இருக்கிறவன் நல்லாத்தானே இருக்கான். அவனுக்கு என்ன குறைச்சல்?”

“அவன் அவனில்லையே.”

“இப்ப இருக்கிறவன்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா, உனக்குப் பழசு வேணுமான்னு? அந்த நெனப்பு திரும்பி வந்தா இவன் எங்க போவான்?”

மூத்தவள் பதில் சொல்லவில்லை. இசுமியை மீட்பதென்றால் குராபேயை இல்லாமலாக்குவதுதான் என்பதை ஐந்தாண்டு ஆவணக்காப்பகங்களில் உட்கார்ந்தவள் யோசித்திருக்கவில்லை. வசனத்தைத் தள்ளிவிடுகிறவள் யோசித்திருந்தாள்.

அவ்வறையில் இரவு பத்து மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு உண்டு. புனேயில் மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவன், எம்.ஏ. வகுப்பில் உடன் படித்தவன். ஆய்வேட்டை ஒப்படைத்ததும் திருமணம் என்று இரு வீட்டாரும் பேசி வைத்தவன். அக்காலத்தில் அவன் குரல் “என்னடி” என்று தொடங்கும். இரண்டாண்டுகளாக “சொல்லு” என்று தொடங்குகிறது. அவன் கெட்டவனல்லன். சம்பளம், வாடகை, அப்பாவின் கண் அறுவை என்று பேசுவான். ஆய்வேடு எதுவரை வந்தது என்று மறக்காமல் கேட்பான். இவள் ஒவ்வோர் இரவும் எம்.ஏ. காலத்து வேடிக்கை ஏதேனும் ஒன்றை எடுத்துப் பேச்சில் வைப்பாள். அவன் “ஆமா, ஞாபகம் இருக்கு” என்பான். ஞாபகம் இருக்கும், அதற்குமேல் அது எங்கும் போகாது. இதெல்லாம் இளையவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மெகுமியைப் பற்றி அவள் கேட்ட கேள்வி மெகுமியைப் பற்றியதாக மட்டும் இருந்திருக்க முடியாது.

மூன்று நாள் விளையாட்டு நின்றது. நான்காம் நாள் மூத்தவளே கருவியை எடுத்தாள். கதையின் பெரிய உண்மை அதற்குப்பின் ஒவ்வொன்றாக வந்தது: வெவ்வேறு காலங்கள் என்று இவர்கள் நம்பியவை ஒரே செயற்கை உலகின் அண்டைப் பகுதிகள்; இவர்கள் அனைவரும் என்றோ இறந்துபோன மனிதரின் மரபணுவிலிருந்து பிறந்தவர்கள்; அவ்விறந்தோரின் ஆசைகளும் பகைகளும் முந்தைய சுற்றுகளிலிருந்து இவர்கள்மீது வந்து படிந்துள்ளன. ‘ஆய்வு’ என்னும் மூன்றாம் பகுதியில் நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் அடுக்கிப் பார்க்கலாம். வரலாற்று மாணவி அதில் இரண்டு இரவு மூழ்கிக் கிடந்தாள். தன் காதல் தன்னுடையதா, தனக்கு முன் வாழ்ந்த வேறொருத்தியின் மிச்சமா என்று பிரித்தறிய அங்கே யாருக்கும் வழியில்லை. மெகுமியும் கடைசியில் இசுமியைப் பெறவில்லை. எதிரில் நிற்கும் குராபேயைத்தான் பார்க்கக் கற்றுக்கொள்கிறாள்.

பதின்மூவரின் கதைகளும் நிறைந்தபின் இறுதிப் போர். ஆறு பேரைத் தேரும் திரை வந்ததும் இளையவள் கேட்டாள்:

“மெகுமிய அனுப்பட்டுமாங்க்கா?”

“அனுப்பு. குராபேயையும் போடு.”

“ரெண்டு பேரும் ஒண்ணாப் போனா கணக்கு ஒத்து வராதுங்க்கா. இந்தப் பக்கம் ஆளில்லாமப் போயிரும்.”

“அப்ப உன் கணக்குப்படி போடு.”

அவள் சிறிது நேரம் திரையைப் பார்த்திருந்துவிட்டு இருவரையும் ஒன்றாகவே போட்டாள். முனையத்தின் மேற்குப் பக்கம் பெரிதும் சேதமடைந்தது, விழவில்லை. பத்து மணிக்குத் தொலைபேசி ஒலித்தபோது போர் முடிந்திருக்கவில்லை. மூத்தவள் எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள். எம்.ஏ. காலத்துக் கதை எதையும் அன்று எடுக்கவில்லை. அப்பாவின் கண் எப்படி இருக்கிறது, எந்தக் கண்ணில் முதலில் செய்தார்கள், இரவில் துணைக்கு யார் இருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு நெடுநேரம் நீண்டது. உள்ளே இளையவள் வெற்றிக்குப்பின் வந்த வசனங்களைத் தள்ளாமல், அக்கா வரட்டும் என்று திரையை நிறுத்தி வைத்திருந்தாள்.