3,951 பெருசா, 3,667 பெருசா?

1/ அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தின் முதல் டிவிஷனில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க். மொத்தம் 3,951. 2024 மார்ச்சில் அவர் தாண்டியது எல்எஸ்யூ வீரர் பீட் மாரவிச்சின் 3,667ஐ.

அப்போ கிளார்க்தான் பெரிய ஆளா? அவசரப்படாதீங்க.

2/ மருத்துவத்தில் எந்த எண்ணைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "எத்தனை பேரில்?"

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயில்ல மயக்கம், வாந்தின்னு வர்றவங்க கூடத்தான் செய்வாங்க. உடனே ஊர்ல நோய் பரவுதுன்னு சொல்லிட முடியுமா? அன்னிக்குக் கூடுற ஜனமே லட்சக்கணக்கு.

3/ அதே கேள்வியை இங்கே கேளுங்க.

கிளார்க்: 4 சீசன், 139 ஆட்டம். சராசரி 28.4.
மாரவிச் (1967-70): 3 சீசன், 83 ஆட்டம். சராசரி 44.2.

அவர் காலத்தில் முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆட முடியாது. மூணு பாயிண்ட் கோடும் கிடையாது.

4/ சரி, மாரவிச்தான் ஜெயிச்சாரா? அங்கேயும் நிக்காதீங்க. அவர் ஆட்டத்துக்குச் சராசரியா 38 ஷாட் எறிஞ்சார். 100க்கு 44தான் உள்ளே போச்சு.

5/ இதை அளக்கத்தான் 'ட்ரூ ஷூட்டிங்'. ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44ஆல் பெருக்கி, எறிஞ்ச ஷாட்டோட கூட்டுங்க. அதை இரண்டால் பெருக்கி, புள்ளிகளை அதால் வகுங்க.

ஏன் 0.44? ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் ஜோடியா வரும். சிலது கூடை விழுந்த பிறகு போனஸா வரும்.

6/ நம்ம ஊர் கல்லூரி மைதானத்துக்கு வாங்க. ஒரு உதாரணம். ரெண்டு பொண்ணுங்களும் 20 புள்ளி.

ஒருத்தி 20 ஷாட் எறிஞ்சா, ஃப்ரீ த்ரோ இல்லை: 50%.
இன்னொருத்தி 10 ஷாட், 7 ஃப்ரீ த்ரோ: 76%.

ஸ்கோர் ஷீட்டில் ரெண்டு பேரும் ஒண்ணு. ஆனா இரண்டாமவள் அணிக்கு எத்தனை வாய்ப்பை மிச்சப்படுத்தியிருக்கா பாருங்க! பந்து குறைவா கிடைக்கிற பொண்ணு தேர்வில் காணாமல் போறது இப்படித்தான். அதோட ஒரு ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டும் போயிடலாம்.

7/ இந்தச் சதவீதமும் முழு உண்மை இல்லை. தடுப்பாட்டம் தெரியாது, எதிரணியின் பலமும் தெரியாது. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வெச்சு நோயைத் தீர்மானிக்க மாட்டோமே, அது மாதிரி.

8/ பயிற்சியாளர்களே, பெற்றோரே, ஒரு 40 பக்க நோட்டு போதும். ஆடின நிமிடம், எறிஞ்ச ஷாட், ஃப்ரீ த்ரோ, பறிகொடுத்த பந்து. நாலையும் எழுதி வைங்க. தேர்வு நாள்ல உங்க பிள்ளைக்காக அந்த நோட்டு பேசும்.