சொத்தைக் கத்தரிக்காய்

அண்ணனூர் ரயில் நிலையம் பக்கம் குடியிருக்கும் அந்தப் பாட்டி, தள்ளுவண்டியில் கத்தரிக்காய் வாங்கினால் கால் மணி நேரமாவது ஆகும். ஒவ்வொரு காயையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அப்படியும் அன்று அரிவாள்மனையில் நறுக்கும்போது ஒரு காயில் புழு நெளிந்தது.

"உவ்வே!" என்று விலகினாள் பேத்தி. கல்லூரியில் தாவரவியல் படிப்பவள். "புழு வராத கத்தரிக்காயே கண்டுபிடிச்சாச்சு, தெரியுமா பாட்டி?"

மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் சேர்த்துவிடுவார்கள். அதனால் செடியில் உண்டாகும் புரதம், காயைக் குடையும் புழுவின் குடலைப் புண்ணாக்கிக் கொன்றுவிடும். அதுதான் பி.டி. கத்தரி. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் நம்மூர் ரகங்களில் இதைச் செய்து பார்த்தது.

"அப்புறம் ஏன்டி வண்டிக்காரர்கிட்ட வரல?"

2009 அக்டோபரில் மத்திய அரசின் நிபுணர் குழு ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு கிளம்பியது. ஏழு நகரங்களில் கருத்துக் கேட்ட அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், 2010 பிப்ரவரி 9-ல் அதை நிறுத்திவைத்தார். வங்கதேசத்திலோ 2014 முதல் பயிரிடுகிறார்கள்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. கிராமத்தில் கத்தரி போட்ட காலம் நினைவுக்கு வந்தது. புழு காய்க்குள் புகுந்துவிட்டால் மருந்து எட்டாது. அதனால் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். ஒருநாள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கப் போன தாத்தா, வரப்பிலேயே மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அதன்பின் கத்தரி போடவே இல்லை.

"அந்தப் புழு பழகிக்காதா?" என்றார் பாட்டி.

பேத்திக்கு ஆச்சரியம். "பழகிக்கும் பாட்டி. 2002-ல வந்த பி.டி. பருத்தியில இளஞ்சிவப்புக் காய்ப்புழு அப்படித்தான் பழகிக்கிச்சு."

"விதை எடுத்து வைக்கலாமா?"

"கம்பெனி வீரிய ஒட்டு ரகம்னா வருஷா வருஷம் வாங்கணும். பல்கலைக்கழக ரகம்னா எடுத்து வைக்கலாம்."

"அப்போ இதையெல்லாம் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணணும். வேணும்னு கத்துறவங்களும் வேணாம்னு கத்துறவங்களும் ஒரு நாள் மருந்து டப்பாவை முதுகுல மாட்டிப் பார்க்கட்டும்."

சொத்தையை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பாதியைத் தண்ணீரில் போட்டார். அன்று எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பில் ஒரு துண்டைக்கூட ஒதுக்கவில்லை பேத்தி.