வாடினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்



ஏப்ரல் 25, ஆன்சாக் தினத்தன்று இங்கே மெல்பர்னில் பலர் சட்டையில் ஒரு ரோஸ்மேரிக் கொத்தைக் குத்திக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். 1915இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் தரையிறங்கிய கலிபோலியில் அந்தச் செடி தானாகவே வளர்கிறது. நினைவின் அடையாளம் என்று வெகுகாலமாக அதைச் சொல்வதும் உண்டு. அடுத்த முறை அந்தக் கொத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வாடுவதற்குள் நட்டால் அது வேர் பிடிக்கக்கூடும்.

சுமார் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கிளையில் கீழ்ப்பாதி இலைகளை உருவிவிடுங்கள். மணல் கலந்த மண்ணில் நட்டு, கடும் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். மண் லேசான ஈரத்தோடு இருந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் வேர் விடும்.

அதன்பின் அதற்கு வேண்டியது வெயில். தினமும் ஆறு மணி நேரமாவது கிடைக்க வேண்டும். நம் மேற்குப் புறநகர்களின் களிமண்ணில் தண்ணீர் தேங்கும். எனவே மண்ணை மேடாக்கி நடுங்கள், அல்லது அடியில் ஓட்டையுள்ள மண் தொட்டியில் வையுங்கள். பூத்து முடிந்ததும் பச்சை நுனிகளை மட்டும் வெட்டுங்கள். இலையில்லாத பழைய கட்டையில் வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது.

தண்ணீர் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். ஈரம் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. ஆகவே ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி வாடும். பார்க்கிறவர்கள் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். முதலில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள்.

வார்டில் எங்களுக்கும் இதே பாடம்தான். சோர்ந்து கிடக்கிற எல்லாருக்கும் டிரிப் ஏற்றிவிட முடியாது. இருதயம் பலவீனமானவருக்கு அதுவே மூச்சுத்திணறலைக் கொண்டுவரலாம். கால் வீங்கியிருக்கிறதா, சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் முடிவு. அதேபோல், தானாக முகம் கழுவக்கூடிய முதியவருக்கு நாங்கள் கழுவிவிடுவதில்லை. நேரமானாலும் அவரே செய்யட்டும் என்று பக்கத்தில் நிற்போம். படுத்தே இருந்தால் சில நாள்களிலேயே கால் பலம் குறையத் தொடங்கும்.

அப்பா இறந்த பிறகு அம்மா பாளையங்கோட்டையிலிருந்து எங்களிடம் வந்தார்கள். வீட்டுக்கு வருகிற எல்லாரும், "நீங்க ஓய்வா இருங்கம்மா" என்பார்கள். அம்மாவின் பேச்சு நாளுக்கு நாள் குறைந்தது. என்னம்மா வேண்டும் என்று ஒரு நாள் கேட்டேன். "எனக்கு இங்கே என்ன வேலை இருக்கு?" என்றார்கள்.

அன்றிலிருந்து ரோஸ்மேரித் தொட்டி அம்மாவின் பொறுப்பு. ஊரில் கறிவேப்பிலைக்கு இரண்டு வேளை ஊற்றியவர்கள். "தண்ணி இல்லாம ஒரு செடியா!" என்று முதலில் முகம் சுளித்தார்கள். இப்போது விரலை விட்டுப் பார்த்து, "இன்னைக்கு வேண்டாம்" என்று எனக்கே சொல்கிறார்கள். உருளைக்கிழங்கு வறுவலில் கொஞ்சம் நறுக்கிப் போடுகிறார்கள். பக்கத்து வீட்டு கிரேக்கப் பாட்டிக்கு ஒரு நாற்று கொடுத்தார்கள். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை, ஆனாலும் வேலியருகே அரை மணி நேரம் நிற்கிறார்கள். அப்பாவை நினைத்து அழுகிற நாள்கள் இன்னும் உண்டு. அந்த அழுகையை நிறுத்த நான் முயல்வதில்லை.

உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ அமைதியாகிவிட்டால், ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்குமுன் என்ன வேண்டும் என்று கேளுங்கள். "இதை எனக்குச் செஞ்சு தர்றீங்களா?" என்றும் கேட்டுப் பாருங்கள். சாப்பாடும் தூக்கமும் குறைந்து இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்; அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நாற்று வேண்டுமானால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அம்மாவிடம் கேளுங்கள். தயிர் டப்பாக்களில் ஏழெட்டு தயாராக இருக்கின்றன. எப்படி வளர்ப்பது என்பதையும் அம்மாவே சொல்லித் தருவார்கள்.