பாகப்பிரிவினை

2025 ஐப்பசிப் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் அக்கா வீட்டில் இருந்தேன். வெளியே ஊரே கிரிவலம் போய்க்கொண்டிருக்க, அக்கா பையன் ஒரு பழைய லேப்டாப்போடு வந்து நின்றான்.

“மாமா, இதுல லினக்ஸ் போடலாமா?”

நியாயமான கேள்விதான். அந்த அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 இந்தக் கிழட்டு மெஷினில் இல்லை. அதற்காக விண்டோஸை வெளியே அனுப்பவும் முடியாது. அக்கா வீட்டுக்காரரின் அரிசி மண்டிக் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது. ஆகவே ஒரே டிஸ்க்கில் இரண்டு குடித்தனம். இண்டர்நெட்டுக்கு லினக்ஸ், கணக்குக்கு விண்டோஸ்.

டிஸ்க்கைப் பிரிப்பது நம் ஊர் பாகப்பிரிவினை மாதிரிதான். நிலத்தை யாரும் வெட்டி எடுத்துக்கொண்டு போவதில்லை. எங்கிருந்து எங்கே வரை யாருக்கு என்று பத்திரத்தில் எழுதுகிறோம், அவ்வளவுதான். பழைய முறை டிஸ்க்கில் அந்தப் பத்திரம் வெறும் 64 பைட். நாலு பங்காளிகளுக்கு மேல் இடமில்லை. புதிய ஜிபிடி முறையில் 128 பேர் வரை தாங்கும்.

பத்திரம் தொலைந்தால்? நிலம் அங்கேயேதான் இருக்கும். டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவச மென்பொருள் பழைய வரப்பைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். ஆனால் அதற்குள் அந்த மனையில் வேறு யாராவது வீடு கட்டிவிட்டால் போச்சு.

எனக்கு அப்படித்தான் போனது. 2006-ல் உபுண்டு சிடி வெளிநாட்டிலிருந்து தபாலில் இலவசமாக வரும். வந்த அன்று ராத்திரியே, தூக்கக் கலக்கத்தில், ‘பக்கத்தில் இடம் ஒதுக்கு’ என்பதற்குப் பதில் ‘முழு டிஸ்க்கையும் அழி’ என்பதைத் தட்டினேன். காலையில் லினக்ஸ் ஜம்மென்று வந்தது. அம்மாவின் அறுபதாம் கல்யாணப் போட்டோக்கள் போயே போய்விட்டன. அம்மா, “போனா போகுது, நான்தான் நேர்ல இருக்கேனே” என்று சிரித்தாள். இப்போது அவளும் இல்லை.

அதனால் பையனிடம் முதலில் கேட்டேன், “பேக்கப் எடுத்தியாடா?”

“பார்ட்டிஷன்தானே மாமா, எதுக்கு?”

சமையலறையிலிருந்து அக்கா குரல்: “தம்பி, அதுலதான்டா அப்பா பேசின வீடியோ இருக்கு.”

பையன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்தோம். காப்பியைத் திறந்து, அப்பா பேசுவதை முழுக்கக் கேட்டோம். (திறந்து பார்க்காத பேக்கப் பேக்கப்பே அல்ல!) லேப்டாப் பேட்டரி செத்துப்போயிருந்ததால் இன்வெர்ட்டரில் செருகினோம். இடத்தைச் சுருக்கும்போது கரன்ட் போனால் வரப்பு பாதியில் நின்றுவிடும். விண்டோஸிலேயே 50 ஜிபி சுருக்கி, அந்தக் காலி இடத்தில் மட்டும் லினக்ஸைக் குடியேற்றினோம்.

மறுபடி ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள். அக்கா எட்டிப் பார்த்தாள். “அட, அர்த்தநாரீஸ்வரர்!”

அம்பாள் இடப்பாகம் பெற்ற ஊராயிற்றே, அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

நீங்களும் தாராளமாகப் பிரியுங்கள். அதற்கு முன்னால், உங்கள் வீட்டு அப்பா வீடியோ எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று ஒரு தடவை அக்காவைக் கேட்டுவிடுங்கள்.