விடிகாலையில் மட்டும் வரும் கோளாறு

அடுக்கத்தில் எங்களைப் போன்ற பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியை இறக்கத்தைப் பார்த்தே நிறுத்துவோம். காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் இரண்டாவது கியரில் உருட்டி, கிளட்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். என் காரின் கோளாறை ஒரு வருஷம் மூடி மறைத்தது இந்தப் பழக்கம்தான்.

பதினேழு வயதான எம்.பி.எஃப்.ஐ. பெட்ரோல் கார். பகலில் சாவியைத் திருப்பியதும் ஓடும். விடிகாலையில் மட்டும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும். பெரியகுளத்தில் காட்டலாம் என்று கிளம்பினால், கும்பக்கரை போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிவிடும். மெக்கானிக் முன்னால் ஒரே சுற்றில் பிடிக்கும். “நல்லாத்தானே சார் இருக்கு?” என்பார். பேட்டரி மாற்றினேன், பிளக் மாற்றினேன். பணம் போனதுதான் மிச்சம்.

வீட்டிலும் அதே கதை. என் மனைவிக்கு விடிகாலை நாலு மணிக்கு இழுப்பு வரும். பத்து மணிக்கு டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

போன மார்கழியில் ஒரு நாள் அவளால் பேசவே முடியவில்லை. காரில் உட்கார வைத்து இறக்கத்தில் உருட்டினேன். இன்ஜின் பிடிக்கவில்லை. முன்னால் வளைவு. பிரேக் கல் மாதிரி இறுகிவிட்டது. இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக்குக்குத் துணையான வேக்குவம் கிடைக்காது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மண்மேட்டில் முட்டி நிறுத்தினேன். அந்த வழியாக வந்த காப்பித் தோட்டத்து ஜீப்தான் எங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தது.

அவள் தேறி வந்த பிறகு நோட்டும் மல்டிமீட்டருமாக உட்கார்ந்தேன். நான் மின்வாரியத்தில் காலம் தள்ளியவன். கோளாறு எப்போது வருகிறது என்று எழுதிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்பது அங்கே முதல் பாடம். என் காருக்கு அதைச் செய்யத் தோன்றவில்லை.

பழைய பத்மினியில் சோக்கை இழுப்போம், நினைவிருக்கிறதா? இந்த வண்டிகளில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று அதற்குச் சொல்வது ஒரு சின்ன சென்சார். அது பொய் சொன்னால் குளிரில் பெட்ரோல் போதாது. அளந்தேன். விடிகாலையில் மூவாயிரம் ஓம் அளவில், சூடானபின் முந்நூறு அளவில். சென்சார் சரி.

அடுத்தது பெட்ரோல் அழுத்தம். சாவியை ஆன் செய்ததும் டேங்கிலுள்ள பம்ப் இரண்டு விநாடி ஓடி நிற்கும். மறுநாள் விடிகாலையில் செல்ஃப் அடிக்காமல் சாவியை மூன்று முறை ஆன், ஆஃப் செய்தேன். நாலாவது முறை செல்ஃப் அடித்ததும் உடனே பிடித்தது! இரவோடு இரவாகக் குழாயின் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று புரிந்தது. இன்ஜெக்டர் ஒழுகியிருந்தால் பிளக் நனைந்து, கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வந்திருக்கும். பிளக் காய்ந்தே இருந்தது. அப்படியானால் பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வுதான்.

“ராத்திரி வண்டி இங்கேயே நிக்கட்டும் தம்பி, காலையில சூடாக்காமப் பாருங்க” என்று மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வந்தேன். கேஜ் மாட்டிப் பார்த்தார். இன்ஜினை நிறுத்திய சில நிமிஷங்களிலேயே முள் இறங்கியதாம். பம்பை மாற்றினார். கோளாறு தீர்ந்தது.

மனைவிக்கும் அப்படித்தான் வழி பிறந்தது. டாக்டர் ஊதிப் பார்க்கும் ஒரு குழாய் மீட்டரைக் கொடுத்து, காலையும் மாலையும் எழுதி வரச் சொன்னார். காலை எண்கள் மாலையைவிட மிகவும் குறைவு. ஆஸ்துமா என்று உறுதியானது. இப்போது இன்ஹேலரில் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

உங்கள் வண்டியும் காலையில் அடம்பிடித்தால் முதலில் சாவியை மூன்று முறை திருப்பிப் பாருங்கள், செலவில்லை. இறக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். நான் இப்போது வண்டியை மேட்டைப் பார்த்துத்தான் நிறுத்துகிறேன்.