சாப்பிட்டாயிற்றா?

நமது மூத்த புதல்வி ஆறு மாத காலமாக ஜப்பானிய பாஷை கற்று வருகிறாள். வாரத்தில் மூன்று நாள் அவளுக்கு வகுப்பு. பாக்கி நாலு நாளும் நமக்கு வகுப்பு! போன ஞாயிற்றுக்கிழமை நமது மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்ததும் அவள் கைகூப்பி, "இத்ததக்கிமாஸ்" என்றாள்.

"அது எந்தப் பெருமாள் பேரில் சுலோகமடி?" என்று கேட்டாள் நம் தாயார்.

சுலோகம் அல்லவாம். உண்பதற்கு முன் ஜப்பானியர் சொல்லும் வார்த்தையாம். 'இத்ததக்கு' என்பதற்குத் தலைமேல் தாங்கிப் பெறுதல் என்பது ஆதிப் பொருள். தான் உண்பதைப் பணிவுடன் சொல்லவும் அதே சொல்தான். சாதாரணப் பேச்சுக்கு 'தபெரு'. பெரியவர்கள் உண்டால் 'மெஷிஅகரு'. ஆண்பிள்ளைகள் சிநேகிதர்களுக்குள் முரட்டுத்தனமாகப் பேசிக்கொள்ள 'கூ'. பெரியவர்களுக்குரிய சொல்லைத் தன் சாப்பாட்டுக்கே வைத்துக்கொள்கிறவனைப் பார்த்துச் சிரிப்பார்களாம். இதில் ஒரு வேடிக்கை: 'தபெரு'வும் ஒரு காலத்தில் பணிவுச் சொல்லாகவே இருந்து, புழங்கிப் புழங்கித் தேய்ந்து சாதாரணமாகிவிட்டதாம்.

"இது என்ன பிரமாதம்!" என்றாள் தாயார். அவள் பிறந்தது ஸ்ரீவைஷ்ணவக் குடும்பம். அங்கே சமையல் தளிகை, ரஸம் சாற்றமுது, பாயசம் திருக்கண்ணமுது, பரிமாறுவது சாதிப்பது. பெருமாள் அமுது செய்தருளுவார். வந்த பெரியவர் அமுது செய்வார். குழந்தை மம்மு சாப்பிடும். மாடு தின்னும். "'நான் அமுது செய்தேன்' என்று நான் சொல்லியிருந்தால் உன் தாத்தா ஊரைக் கூட்டிச் சிரித்திருப்பார்!"

சைவர்கள் இதில் பின்வாங்கியவர்கள் அல்ல. சேக்கிழாரின் பெரிய புராணத்திலும் அடியார்கள் அமுதுதான் செய்கிறார்கள். இலக்கணம் கேட்பவர்களுக்குத் தொல்காப்பியர் இருக்கிறார்: தாழ்ந்தவன் 'ஈ' என்றும், ஒத்தவன் 'தா' என்றும், உயர்ந்தவன் 'கொடு' என்றும் கேட்க வேண்டும் என்று பிச்சைக்குக் கூடப் படி வகுத்து வைத்தவர் அவர்.

பெண் எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு, "மாடு மட்டுந்தானா தின்னும்? நாம் முறுக்குத் தின்பதில்லையா?" என்றாள். வாஸ்தவம். கடித்து மெல்லுவதற்கெல்லாம் 'தின்' நல்ல தமிழே. நாஞ்சில் நாட்டுப் பக்கம் "சோறு தின்னாச்சா?" என்றால் அதில் அன்பைத் தவிர வேறொன்றும் கிடையாது. மயிலாப்பூரில்தான் அது வசவு.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நமக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. காரணம் இதுதான். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் அந்தச் சீமையைச் சேர்ந்தவள். வேலைக்கு வந்த முதல் வாரம் ஒருநாள் மத்தியானம், "ஐயா, சோறு தின்னாச்சா?" என்று நம்மைக் கேட்டாள். நாம் தமிழ் அபிமானி அல்லவா? "பெரியவர்களைத் தின்றாயிற்றா என்று கேட்கக் கூடாது, அம்மா, சாப்பிட்டீர்களா என்று கேட்க வேண்டும்" என்று திருத்தினோம். அவள் தலையை ஆட்டினாள். அதன் பிறகு ஐந்து வருஷமாக அவள் நம்மை எந்தச் சொல்லாலும் கேட்டதில்லை. அவளுடைய சாப்பாட்டைப் பற்றி நாம் என்றைக்காவது கேட்டதுண்டா? யோசித்துப் பார்த்தோம். திருத்துவதற்கு நாக்கு இருந்ததே தவிர, கேட்பதற்கு இல்லை.

மறுநாள் கொல்லைப்புறம் போய் நின்றோம். சங்கோசமாகத்தான் இருந்தது. "சோறு தின்னாச்சா, அம்மா?" என்று கேட்டோம்.

பரிகாசம் செய்கிறோமோ என்று அவள் நம் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "இன்னும் இல்லை, ஐயா" என்றாள்.

அப்போது மணி 11. அவள் நம் வீட்டுக்கு வருவதோ தினம் காலை 6 மணிக்கு.