மருமகள் உடைத்த பொன்குடம்

சிட்னியில் உட்கார்ந்துகொண்டு பல வருடங்களாக ரக்பி லீக் பற்றி எழுதுகிறேன். எந்த ஊர் புதிய அணிக்குத் தயார், எது தயாரில்லை என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தயக்கமே வந்ததில்லை. அந்தத் தீர்ப்புகளில் நேர்மை இல்லை.

1995-இல் பெர்த்திலிருந்து வெஸ்டர்ன் ரெட்ஸ் என்ற அணி வந்தது. முதல் ஆட்டத்திலேயே சிட்னியின் பழம்பெரும் செயின்ட் ஜார்ஜைத் தோற்கடித்தது. 1997 முடிவில் கடனோடு மூடப்பட்டது. ‘அது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் கோட்டை, நம் ஆட்டம் அங்கே வேர்பிடிக்காது’ என்று எழுதினேன். பெர்த்துக்கு ஆட வரும் அணிகளின் விமானச் செலவையும் ரெட்ஸ்தான் கட்ட வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும். சூப்பர் லீக் என்ற எதிர் அமைப்போடு நடந்த சண்டையில் ஆட்டமே இரண்டாகப் பிளந்திருந்ததும் தெரியும். அவற்றை எழுதினால் பழி சிட்னிப் பெரியவர்கள்மேல் விழும். ஆகவே ஊர்மேல் போட்டேன்.

மெல்பர்னும் அதே கால்பந்துக் கோட்டைதான். 1998-இல் அங்கே ஸ்டார்ம் அணி தொடங்கியது. மூடப்பட்ட ரெட்ஸின் ராபி கெர்ன்ஸும் ராட்னி ஹோவும் அதில் ஆடினார்கள், மறுவருடமே கோப்பை. நஷ்டத்தைத் தாங்க ஊடக நிறுவனமான நியூஸ் லிமிடெட்டின் பணம் பின்னால் இருந்தது. நானோ, ‘மெல்பர்ன் தயாராக இருந்தது’ என்று எழுதி முடித்தேன்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். சிட்னி வட்டாரத்தில் மட்டும் ஒன்பது அணிகள். அவற்றில் பலவற்றின் பள்ளத்தை லீக்ஸ் கிளப்புகளின் சூதாட்ட இயந்திரங்கள் நிரப்புகின்றன. அவற்றில் ஒன்றையாவது ‘தயாரில்லை’ என்று நான் சொன்னதுண்டா?

பாப்புவா நியூகினி விஷயத்தில் இன்னும் மோசமாக நடந்துகொண்டேன். ரக்பி லீக் அங்கே தேசிய ஆட்டம். அவர்களுடைய ஹன்டர்ஸ் 2014-இல் குயின்ஸ்லாந்து கோப்பைப் போட்டிக்குள் வந்து, 2017 இறுதியாட்டத்தில் சன்ஷைன் கோஸ்டை 12-10 என வென்றது. 2028 முதல் அந்த நாட்டுக்கு என்.ஆர்.எல். (தேசிய ரக்பி லீக்) அணி, ஆஸ்திரேலிய அரசு பத்தாண்டுகளில் 60 கோடி டாலர் தரும் என்ற அறிவிப்பு வந்ததும், ‘இது ராஜதந்திரம்’ என்று கிண்டலடித்தேன். அதில் சீனாவை எட்ட நிறுத்தும் கணக்கு இருப்பது உண்மைதான். ஆனால் மெல்பர்னுக்குப் பின்னாலிருந்த முதலாளியின் கணக்கை நான் கிண்டலடிக்கவில்லையே. தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் வீரர்கள் குடும்பத்தோடு பாதுகாப்பாக இருக்க முடியுமா என்று கேட்டேன். நியாயமான கேள்வி. அந்த ஊரில் காலே வைக்காமல் பதிலையும் நானே எழுதினேன்.

ஏன் இப்படி? என் அணி நார்த் சிட்னி பேர்ஸ். 1908-இல் போட்டியைத் தொடங்கிவைத்த கிளப்புகளில் ஒன்று. 1999-க்குப் பிறகு தனி அணியாக இடமில்லாமல் போனது. அதற்கப்புறம் வெளியூர் அணி ஒவ்வொன்றும் எங்கள் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததாகவே எனக்குப் பட்டது. அந்த ஆத்திரத்துக்கு ஆய்வு என்று பெயர் வைத்திருந்தேன்.

இப்போது 2027-இல் பெர்த் பேர்ஸ் வரப்போகிறது. அறிவிப்பு வந்த வாரமே ‘பெர்த் தயார்’ என்று எழுதிவிட்டேன். மாநில அரசு பணம் போடுவதைக் காரணமாகக் காட்டினேன். பணமே இல்லாவிட்டாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்: அணியின் பெயரில் ‘பேர்ஸ்’ இருக்கிறது.